படைவீரனும் வினாத்தாளும்: முதலாம் உலகப் போரும் நுண்ணறிவுச் சோதனைகளும்

1917ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து வைன்லாந்து என்னும் சிற்றூரிலே உளவியலாளர் எழுவரைக் கொண்ட குழுவொன்று தன் வேலையைத் தொடங்கியது. அவர்கள் கூடிய இடம் பல்கலைக்கழகமுமன்று, படை முகாமுமன்று. உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பராமரித்துப் பயிற்றும் பள்ளியொன்றே அது. யேர்மனிக்கு எதிராக அமெரிக்கா போர்ப் பிரகடனம் செய்து அப்பொழுது ஏழு வாரங்களே கழிந்திருந்தன. இலட்சக்கணக்கில் திரட்டப்படவிருந்த படைவீரரின் அறிவுத் திறனை ஒரு மணி நேரத்துள் அளந்து முடிப்பதற்கான வினாத்தாளை ஆக்குவதே அவ்வெழுவரும் ஏற்றுக்கொண்ட பணியாகும். உளக்குறையுடைய பிள்ளைகளை இனங்காணப் பிறந்த ஒரு முறை, நாடொன்றின் வளர்ந்த ஆண்மக்கள் அனைவரையும் நோக்கித் திரும்பியது அந்த இடத்திலிருந்துதான் என்பதை வரலாற்றின் தற்செயல் என்று மட்டும் கொள்வதற்கில்லை.

அன்றைய அமெரிக்கப் படையின் நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். போரில் இறங்கியபொழுது அந்நாட்டின் நிரந்தரப் படையினர் தொகை ஒரு இலட்சத்துச் சொச்சமே. 1918 நவம்பரிலே போர் நின்றபொழுது சீருடையணிந்திருந்தோர் தொகை ஏறக்குறைய 40 இலட்சம். இவர்களுள் 28 இலட்சம் பேர் வரையில் 1917 மே மாதத்துக் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தின் கீழ் அழைக்கப்பட்டோராவர். வயலிலிருந்து வந்தவன், சுரங்கத்திலிருந்து வந்தவன், இத்தாலியிலிருந்தோ போலந்திலிருந்தோ கப்பலேறி வந்து ஆங்கிலம் பேசத் தெரியாதவன், எழுத்து வாசனையே அறியாதவன், சட்டம் பயின்றவன் எனப் பலரும் ஒரே வரிசையில் நின்றனர். இவர்களுள் எவனைப் பீரங்கிப் படைக்கு அனுப்புவது, எவனை அதிகாரிகளுக்கான பயிற்சிக்குத் தெரிவது, எவனைத் திருப்பி வீட்டுக்கு அனுப்புவது என்ற வினாவுக்குப் பழைய படைமரபிலே விடை இருக்கவில்லை. ஒருவனைப் பல மாதங்கள் அருகிருந்து பார்த்து அறிவதே அம்மரபு. அதற்கு இப்பொழுது அவகாசமில்லை.

இந்த இடைவெளியினுள் உளவியலாளர் கைக்கொண்டு புகுந்த கருவி பிரான்சிலே தோன்றியது. பாரிசிலே அல்பிரட் பினே என்பவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் வெளியிட்ட அளவுகோல், வகுப்பறையிலே பின்தங்கும் பிள்ளைகளுள் விசேட கற்பித்தல் யாருக்குத் தேவை என்பதை அறிவதற்காகவே ஆக்கப்பட்டது. இன்ன வயதுப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் செய்யக்கூடிய சிறு சிறு வேலைகளை வரிசைப்படுத்தி, ஒரு பிள்ளை எவ்வரிசை மட்டும் செல்கின்றதென்று பார்த்து, அதன் உள வயதைக் கூறுவது முறை. பிள்ளையின் அறிவு மாறாத ஒரு பொருள் என்று பினே கருதினாரல்லர். அது பயிற்சியால் வளரக்கூடியதென்றே வாதாடினார். 1911இல் அவர் காலமானார். அவருடைய அளவுகோலை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஹென்றி கொடார்ட் என்பவரும், அதனைத் திருத்திப் பெருப்பித்து 1916இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட லூயிஸ் ரேர்மனும் அந்த எச்சரிக்கையைத் தம்முடன் எடுத்துச் சென்றாரல்லர். அறிவுத்திறன் பிறப்போடு வருவது, தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுவது, எண்ணொன்றினால் அறியப்படுவது என்பதே அவ்விருவரும் கொண்ட கொள்கையாகும். வைன்லாந்துப் பள்ளியின் ஆய்வுகூடத்தை நடத்தியவர் கொடார்ட்டே. குழுவிலே ரேர்மனும் இருந்தார்.

குழுவின் தலைவர் றொபேட் யேர்க்ஸ் என்பவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தவர். அவ்வாண்டிலே அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவர். எலிகளையும் காக்கைகளையும் குரங்குகளையும் ஆராய்ந்து பெயர்பெற்றவர். உளவியலை இயற்பியல் போன்ற ஒரு திட்பமான அறிவியலாக உலகம் மதிக்கவில்லையே என்ற ஏக்கம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. போர் அவருக்கு ஒரு வாய்ப்பாகத் தோன்றியது. இதனைக் குறையாகக் கூறவில்லை. பௌதிகவியலாளரும் இரசாயனவியலாளரும் அதே ஆண்டுகளில் அவ்வாறே எண்ணினர். ஆயின், படைக்கு எது தேவை என்ற வினாவோடு தொடங்குவதும், தன்னிடம் இருக்கும் கருவியைப் படையில் எங்கே பயன்படுத்தலாம் என்ற வினாவோடு தொடங்குவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. ஏப்பிரல் மாதம் பிலடெல்பியா நகரிலே சங்கத்தின் ஆட்சிக்குழு கூடியபொழுது, வோல்ரர் டில் ஸ்கொற் என்னும் உளவியலாளர் யேர்க்ஸுடன் முரண்பட்டு வெளியேறினார். விற்பனையாளரைத் தெரிவுசெய்வதற்கான முறைகளை வணிக நிறுவனங்களுக்கு ஆக்கிக் கொடுத்து அனுபவம் பெற்றவர் ஸ்கொற். இதன்பின் அமெரிக்கப் படையிலே உளவியல் இரு வேறு வழிகளிற் சென்றது. யேர்க்ஸ் படையின் மருத்துவப் பிரிவினூடாகச் சென்றார். ஸ்கொற் ஆளணி அலுவல்களைக் கவனிக்கும் அலுவலகத்தினூடாகச் சென்றார். இவன் எத்துணை அறிவுடையவன் என்று கேட்டார் முன்னவர். இவனால் எந்த வேலையைச் செய்ய முடியும் என்று கேட்டார் பின்னவர். இவ்விரு வினாக்களும் ஒன்றே என்று எண்ணிய மயக்கத்திலிருந்துதான் பின்னாளைய பெருந்தவறுகள் யாவும் முளைத்தன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பினேயின் அளவுகோலைப் பயன்படுத்துவதற்கு ஒரு பரிசோதகர் ஒரு பிள்ளையுடன் தனித்திருத்தல் வேண்டும். நூற்றுக்கணக்கானோரை ஒருசேரச் சோதிக்க வேண்டிய படைக்கு அது ஒவ்வாது. ரேர்மனின் மாணவரான ஆதர் ஓற்றிஸ் என்பவர் அப்பொழுது வெளியிடப்படாதிருந்த ஒரு கூட்டுச் சோதனையை ஆக்கி வைத்திருந்தார். பரீட்சார்த்தி எதனையும் எழுதத் தேவையில்லை. தரப்பட்ட விடைகளுள் ஒன்றின் கீழ்க் கோடிட்டாற் போதும். துளையிட்ட அட்டையொன்றை விடைத்தாளின் மேல் வைத்து, உளவியல் அறியாத எழுதுவினைஞரும் புள்ளியிடலாம். இன்று பரீட்சை மண்டபங்களிலே நமக்கு நன்கு பழக்கமான பல்தேர்வு வினாத்தாள் இந்த ஓற்றிஸின் தாளுக்குப் பெரிதும் கடன்பட்டது. வைன்லாந்திலே சில வார காலத்துள் உருவாகி, பின்னர் நான்கு முகாம்களிலே பரீட்சித்துப் பார்க்கப்பட்ட இவ்வினாத்தாள் அல்பா எனப் பெயர் பெற்றது.

அல்பா எட்டுப் பகுதிகளைக் கொண்டது. வாய்மொழிக் கட்டளைகளைக் கேட்டுச் செய்தல், கணக்குகள், நடைமுறை விவேகம், ஒத்த சொல்லும் எதிர்ச்சொல்லும், குழம்பிய வாக்கியங்களை ஒழுங்குபடுத்தல், எண் தொடரை நிறைவு செய்தல், ஒப்புமை காணல், பொது அறிவு என்பன அவை. மொத்தம் 212 வினாக்கள். நேரம் ஒரு மணிக்கும் குறைவு. ஒவ்வொரு பகுதியும் நிமிடக் கணக்கிலே தொடங்கி முடியும். இறுதிப் பகுதியிலே நான்கு நிமிடத்துள் 40 வினாக்கள். கடிகாரத்தின் முன் அமர்ந்து பழகிய நமக்கே இது கடினம். ஏர் பிடித்த கையோடு வந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பொது அறிவு வினாக்கள் சிலவற்றின் பொருளை இங்கு குறிப்பிடுவது தகும். கிறிஸ்கோ என்பது மருந்தா, பற்பசையா, உணவுப் பொருளா என்பது ஒன்று. அது அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்ட சமையற் கொழுப்பொன்றின் வணிகப் பெயர். கிறிஸ்ரி மத்தியூசன் என்பவர் எதிலே புகழ் பெற்றவர் என்பது மற்றொன்று. அவர் பேஸ்போல் ஆட்டக்காரர். இவற்றுக்கு விடையறியாதவன் பிறவியிலேயே அறிவு குறைந்தவன் என்ற முடிவுக்கு ஒருவர் வருவாரெனின், அவர் செய்தித்தாளை வாசித்துக் காலையுணவு உண்ணும் தன் வீட்டையே உலகமென்று எண்ணுபவராதல் வேண்டும்.

எழுத்தறியாதோரும் ஆங்கிலம் அறியாதோரும் அல்பாவினால் அநீதிக்குள்ளாவர் என்பதைக் குழுவினர் உணர்ந்திருந்தனர். அவ்வுணர்வைப் போற்றாதிருக்க முடியாது. அதன் விளைவே பீற்றா என்னும் இரண்டாவது சோதனை. இதிலே சொற்களுக்கு இடமில்லை. புதிர்ப்பாதையிற் கோடிட்டுச் செல்லல், அடுக்கப்பட்ட கனவுருக்களை எண்ணல், இலக்கத்துக்குரிய குறியை இடல், எண் சோடிகளை ஒப்பிடல், படத்திலே விடுபட்டதை வரைந்து நிரப்புதல் முதலிய ஏழு பகுதிகள் இருந்தன. கட்டளைகளும் பெரும்பாலும் சைகைகளாலேயே தரப்பட்டன. கரும்பலகையின் முன்னே நின்று உதவியாளர் ஒருவர் செய்து காட்டுவார். பரிசோதகர் அதைச் சுட்டிக்காட்டித் தலையசைப்பார். பின்பு தாளைக் காட்டி விரைந்து செய்யுமாறு ஏவுவார். ஊமைக்கூத்துப் போன்ற இந்நிகழ்ச்சியைப் பெருமண்டபத்தின் பின்வரிசையிலிருந்து பார்த்தவனுக்கு என்ன விளங்கியிருக்கும்? வாழ்விலே முதன்முறையாகப் பென்சிலைக் கையிற் பிடித்தவர்களும் அங்கே இருந்தனர். எண்ணை எழுதத் தெரியாதவன் கனவுருக்களைச் சரியாக எண்ணினாலும் அதைத் தாளிற் குறிப்பது எவ்வாறு?

படங்களை நிறைவு செய்யும் பகுதி தனியே நோக்கற்பாலது. மூன்று நிமிடத்துள் 20 படங்கள். வலையில்லாத ரெனிஸ் ஆடுகளம், ஒலிக்குழல் இல்லாத கிராமபோன், உள்ளே இழையில்லாத மின்குமிழ் என்பன அவற்றுட் சில. ஒரு படத்திலே வீட்டுக்குப் புகைபோக்கி இல்லை. சிசிலித் தீவிலிருந்து வந்த ஒருவன் புகைபோக்கியை வரையாது, தன் ஊர் வீடுகளிற் காணப்படும் இடத்திலே சிலுவையொன்றை வரைந்தான். அது பிழையென்று புள்ளி மறுக்கப்பட்டது. அவனுடைய வீட்டிலே எது இல்லாவிட்டால் வீடு வீடாகாதோ அதைத்தான் அவன் வரைந்தான். கட்டளையை அவனைக் காட்டிலும் சரியாக விளங்கிக்கொண்டவர் யாருமிலர் எனலாம்.

இச்சோதனையின் தன்மையைப் பின்னாளிலே ஸ்ரீபன் ஜே கூல்ட் என்னும் ஹாவார்ட் பேராசிரியர் வேறொரு வகையில் ஆராய்ந்தார். பீற்றாவைத் தம் மாணவர் 53 பேருக்கு அன்றைய விதிகளின்படியே கொடுத்துப் பார்த்து, அதன் பேற்றை 1981இல் வெளியிட்ட நூலிலே குறித்தார். 31 பேர் முதற் தரம் பெற்றனர். 16 பேர் இரண்டாந் தரம். எஞ்சிய அறுவரும் மூன்றாந் தரத்தையே பெற்றனர். கல்லாதாருக்கென ஆக்கப்பட்ட தாளிலே ஹாவார்ட் மாணவருள் பத்திலொருவர் சாதாரணச் சிப்பாய்க்குரிய தரத்தைத் தாண்டவில்லை.

நடைமுறையிலே நிகழ்ந்தவை திட்டத்திலும் மோசமானவை. பீற்றாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர் யார் என்பதை ஒவ்வொரு முகாமும் ஒவ்வொரு வகையாகத் தீர்மானித்தது. ஓரிடத்திலே பெயரை எழுதத் தெரிந்தவன் கற்றவனாகக் கொள்ளப்பட்டான். வேறோரிடத்திலே சில ஆண்டுகளேனும் பள்ளிக்குச் சென்றிருத்தல் வேண்டும். பீற்றாவுக்கு நின்ற வரிசைகள் நீண்டபொழுது, எழுத்தறிவு குறைந்தோரும் அல்பாவுக்கே தள்ளப்பட்டனர். அல்பாவில் தவறினோருக்கு மீண்டும் பீற்றா கொடுத்தல் வேண்டும், அதிலும் தவறினோரைத் தனித்தனியே சோதித்தல் வேண்டும் என்பது விதி. கறுப்பினத்தவர் விடயத்திலே இவ்விதி பெரிதும் கைவிடப்பட்டது. பல பகுதிகளிலே பூச்சியப் புள்ளி பெற்றோர் தொகை மிகுந்திருந்தது. பூச்சியம் என்பது அறிவில்லாமையைக் காட்டுவதன்று, கட்டளையே விளங்கவில்லை என்பதையே காட்டுவது என்று எந்த ஆசிரியரும் அறிவார்.

1919 சனவரியிலே சோதனைகள் நிறுத்தப்படும்வரை 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். ஏறக்குறைய 8,000 பேரைப் படையிலிருந்து விலக்குமாறும், 10,000 பேர் அளவினரைக் கூலிவேலைக்குரிய பட்டாளங்களுக்கு அனுப்புமாறும் பரிசோதகர் பரிந்துரைத்தனர். 17 இலட்சத்திலே இது மிகச் சிறு தொகை. முகாம் அதிகாரிகளுட் பலர் உளவியலாளரைத் தொல்லையாகவே கருதினர். புள்ளிகளைப் பதிவேட்டிலே குறித்துவிட்டுத் தம் கண்ணை நம்பியே வேலை கொடுத்தனர். எனினும், ஒரு பட்டாளத்திலே எழுத்தறிந்தோர் குவிந்திருக்க, மற்றொன்றிலே கட்டளையை வாசிக்கத் தெரிந்தவர் அருகியிருந்த நிலையைச் சோதனைகள் வெளிப்படுத்தின என்பதையும், அதிகாரிகளின் சொந்த மதிப்பீட்டோடு புள்ளிகள் ஓரளவு ஒத்துச் சென்றன என்பதையும் மறுத்தலாகாது.

மறுபுறத்தில் ஸ்கொற் செய்த வேலை ஆரவாரமற்றது. 1917 ஓகஸ்ற் மாதத்தில் அமைக்கப்பட்ட அவருடைய குழு, படைவீரன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டையை ஆக்கியது. அவன் முன்பு செய்த தொழில், கற்ற கல்வி, பேசும் மொழி, ஓட்டத் தெரிந்த வாகனம் என்பன அதிலே பதியப்பட்டன. முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இவ்வட்டைகள் நிரப்பப்பட்டன. நான் தச்சன் என்று சொன்னவனை உண்மையிலேயே தச்சனா என்று அறிவதற்குத் தொழிற் சோதனைகள் ஆக்கப்பட்டன. தொழிலாளர் மட்டுமே அறியக்கூடிய சில வினாக்கள், கருவிகளின் படங்கள், ஈற்றிலே கையாற் செய்து காட்ட வேண்டிய ஒரு வேலை. அவற்றின்படி ஒருவன் புதியவன், பயிலுநர், தொழில் தெரிந்தவன், வல்லுநன் என்ற நான்கு நிலைகளுள் ஒன்றில் வைக்கப்பட்டான். இங்கே ஒருவன் பெறும் தரம் அவன் இன்று செய்யக்கூடிய வேலை பற்றிய கூற்றேயன்றி, அவன் பிறப்பு பற்றிய தீர்ப்பன்று. தவறினால் அது மறுநாளே பட்டறையில் தெரிந்துவிடும், திருத்தவும் முடியும். போர் முடிந்த பின் படையினர் உயரிய சேவைப் பதக்கத்தை ஸ்கொற்றுக்கு அளித்தனர். யேர்க்ஸுக்கு அளித்தாரல்லர். ஆயினும் நூல்களிலே நிலைபெற்ற பெயர் யேர்க்ஸின் பெயரே. பயன்பட்ட அட்டைகள் கோப்புகளுள் உறங்க, பயன்படாத புள்ளிகள் அச்சேறின.

அச்சேறியது 1921இல். தேசிய அறிவியற் கழகத்தின் வெளியீடாக வந்த அப்பேரறிக்கை ஏறக்குறைய 890 பக்கங்கள் கொண்டது. எட்வின் போறிங் என்பவர் 160,000 பேரின் புள்ளிகளைத் தெரிந்தெடுத்து, அல்பாவையும் பீற்றாவையும் ஒரே அளவுக்கு மாற்றி, உள வயதாகக் கணக்கிட்டார். வெள்ளையினப் படைவீரரின் சராசரி உள வயது 13.08 என வந்தது. வளர்ந்தவனின் இயல்பான உள வயது 16 என்று ரேர்மன் முன்பு கொண்டிருந்தார். 13க்குக் குறைந்தோரை மந்தபுத்தியினர் என்ற வகுப்பில் வைப்பது கொடார்ட் வகுத்த வழக்கு. அதன்படி பார்த்தால் வெள்ளையினப் படைவீரருள் நூற்றுக்கு 47 பேர் மந்தபுத்தியினர்! இத்தகைய முடிவு வந்தவுடன் அளவுகோலிலே பிழையிருக்குமோ என்று ஐயுறுவதே அறிவியலாளர் கடன். மாறாக, நாடே அறிவு குன்றிவருகிறதென்ற ஓலம் எழுந்தது. பத்திரிகையாளர் வோல்ரர் லிப்மன் மட்டும் 1922இல் நியூ றிபப்ளிக் என்னும் வார இதழிலே தொடர் கட்டுரைகள் எழுதி இதனை எள்ளி நகையாடினார். வளர்ந்தோரின் சராசரி அறிவு வளர்ந்தோரின் சராசரி அறிவிலும் குறைவென்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் எழுப்பிய வாதத்தின் சாரம். உளவியலாளர் அல்லாத ஒருவர் இதைச் சொல்ல நேர்ந்தமை கவனித்தற்குரியது.

அறிக்கையின் வரைபடங்களை நிதானமாகப் படிப்போருக்கு இன்னொரு செய்தி அங்கேயே கிடைக்கின்றது. பள்ளிக்குச் சென்ற ஆண்டுகள் கூடக்கூடப் புள்ளியும் கூடியது. அறிவுடையோரே நெடுங்காலம் பள்ளியிற் தங்குவர் என்று யேர்க்ஸ் இதற்கு விளக்கங் கூறினார். தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் படைவீரருட் பாதிப்பேர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர்களுக்குத் தாண்டுவதற்கு வகுப்பு இருந்ததா என்று அறிக்கை கேட்கவில்லை. வெளிநாட்டிற் பிறந்தோரைப் பொறுத்தவரை, வந்து ஐந்தாண்டுக்குட்பட்டோரின் சராசரி 11 வயதுக்குச் சற்று மேலே. இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தோரின் சராசரி 13½ வயதையுந் தாண்டி நின்றது. கிறிஸ்கோவையும் பேஸ்போலையும் ரெனிஸ் வலையையும் அறிந்துகொள்ள இருபதாண்டுகள் போதுமானவை என்பதே இதற்கு எளிய பொருள்.

பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக் கார்ள் பிறிக்காம் அந்த எளிய பொருளை ஏற்கவில்லை. 1923இல் அவர் எழுதிய நூல், முன்பு வந்த குடியேறிகள் வட ஐரோப்பியர், அறிவிற் சிறந்தோர். பின்பு வந்தவர்கள் தென் ஐரோப்பாவினின்றும் கிழக்கு ஐரோப்பாவினின்றும் வந்த தாழ்ந்தோர். ஆதலாலேயே புள்ளிகள் ஆண்டுவாரியாக வேறுபடுகின்றன என்று வாதித்தது. மறு ஆண்டு, 1924இல், அமெரிக்கக் கொங்கிரஸ் குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு நாட்டினத்தாரிலும் நூற்றுக்கிருவர் என்ற அளவிலே புதியோர் அனுமதிக்கப்பட்டனர். 1890இலே இத்தாலியரும் போலந்தினரும் ருசிய யூதரும் அங்கே சிலரே இருந்தனர் என்பதனாலேயே அவ்வாண்டு தெரியப்பட்டது. படைச் சோதனைகளே இச்சட்டத்துக்குக் காரணம் என்று எழுதுவோர் உளர். அது மிகை. சட்டமன்ற விவாதங்களை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர், அங்கே இச்சோதனைகள் பற்றிய பேச்சு மிகக் குறைவாகவே இருந்தமையைக் காட்டியுள்ளனர். குடியேறிகள் மீதான வெறுப்புக்கு உளவியலாளரின் உதவி தேவைப்படவில்லை. அவர்கள் செய்தது, ஏற்கெனவே இருந்த வெறுப்புக்குத் தசமப் புள்ளி இட்டுக் கொடுத்தமையே.

அதே 1924இல் ஹொறஸ் மான் பொண்ட் என்னும் இளங் கறுப்பின அறிஞர், யேர்க்ஸின் அட்டவணைகளையே எடுத்து வேறொரு வரிசையில் அடுக்கினார். இலினோய், ஒகாயோ, நியூ யோர்க் முதலிய வடமாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரின் புள்ளி, மிசிசிப்பி, ஆர்க்கன்சோ போன்ற தென்மாநிலங்களிலிருந்து வந்த வெள்ளையரின் புள்ளியை விஞ்சி நின்றது. இனமே அறிவைத் தீர்மானிப்பதாயின் இது நிகழக்கூடாது. பள்ளிக்கூடங்களுக்குச் செலவிடப்பட்ட பணமே தீர்மானிப்பதாயின் இதிலே வியப்பில்லை. புதிய சோதனை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஏதிராளியின் ஏட்டிலேயே விடை இருந்தது. பிறிக்காமும் 1930இல் தம் நூலின் முடிவுகளுக்கு அடிப்படை இல்லையென்று ஓர் ஆய்விதழிலே வெளிப்படையாக எழுதித் திரும்பப் பெற்றார். தன் நூலைத் தானே மறுக்கும் துணிவு அரிது. அதற்குரிய மதிப்பை அவருக்கு அளித்தல் வேண்டும். ஆயினும் அதற்குள் அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வுக்கென 1926இல் ஆக்கிய தாள் நிலைபெற்றுவிட்டது. சட்டமும் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போரிலே படையினர் 1917ஐ மறக்கவில்லை. 1940இல் ஆக்கப்பட்ட புதிய சோதனைக்கு நுண்ணறிவுச் சோதனை என்ற பெயர் தவிர்க்கப்பட்டு, படையின் பொது வகைப்படுத்தற் சோதனை என்ற பெயரே இடப்பட்டது. அக்குழுவின் தலைவர் வோல்ரர் பிங்காம், 1917இல் யேர்க்ஸ், ஸ்கொற் ஆகிய இருவருடனும் வேலை செய்தவர். உள வயது கைவிடப்பட்டது. 100ஐ நடுவாகக் கொண்ட புள்ளியும், ஐந்து தரங்களும் கொள்ளப்பட்டன. படைத் தொழிலைக் கற்கும் ஆயத்தத்தையே இத்தாள் அளக்கின்றது என்று கூறப்பட்டது. ஸ்கொற்றின் வினாவுக்கு இது யேர்க்ஸின் கருவியைக் கொண்டு விடையளிக்கும் முயற்சி எனலாம். விமானப் படையினர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். 1943இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட இளைஞரைச் சோதித்து, பெற்ற புள்ளி எதுவாயினும் அனைவரையும் விமானிப் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தனர். மிகக் குறைந்த புள்ளி பெற்றோருள் பயிற்சியை முடித்தவர் மிகச் சிலரே. தவறியவன் உண்மையிலே தவறியிருப்பானா என்று அறிய அவனையும் உள்ளே விட்டுப் பார்த்தல் வேண்டும் என்ற நேர்மையான யோசனை, சோதனைகள் தோன்றி கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே செயலாயிற்று.

1948இல் றீட் ரடன்காம் என்பவர் இரு போர்களின் படைவீரரையும் ஒரே அளவில் ஒப்பிட்டார். இரண்டாம் போரின் நடுநிலைச் சிப்பாய், முதலாம் போரின் சிப்பாய்களுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேற்பட்டோரை விஞ்சி நின்றான். கால் நூற்றாண்டிலே ஒரு நாட்டின் பிறவிக் குணம் மாறிவிடாது. அக்காலத்தில் மாறியவை பள்ளிக்கூடங்களும் உடல்நலமும் வினாத்தாளோடு கொண்ட பழக்கமுமே.

வியட்நாம் போர்க் காலத்திலே, 1966 தொடக்கம் 1971 வரை, பாதுகாப்புச் செயலாளர் றொபேட் மக்னமாரா தொடக்கிய திட்டமொன்றின் கீழ், முன்பு தகுதியற்றோரெனத் தள்ளப்பட்டோர் 350,000 பேர் வரையில் படைக்கு எடுக்கப்பட்டனர். வறியோருக்குத் தொழிலும் கல்வியும் அளிப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். வசதி படைத்த வீட்டு மாணவர் பல்கலைக்கழகத்தைக் காட்டிப் படைச்சேர்ப்பினின்றும் விலகியிருந்த காலம் அது. ஆட்கள் குறையும்பொழுது தகுதிக் கோடு எவ்வளவு இலகுவாக இறங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கட்டாயச் சேர்ப்பு 1973இல் ஒழிந்தது. 1976இல் எல்லாப் படைப்பிரிவுகளுக்கும் பொதுவான புதிய உளச்சார்புச் சோதனைத் தொகுதி ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதன் புள்ளியைப் பழைய அளவுக்கு மாற்றும் அட்டவணையிலே ஒரு பிழை நேர்ந்தது. குறைந்த புள்ளிகள் உண்மையிலும் உயர்ந்தனவாகக் காட்டப்பட்டன. நான்காண்டுகளாக அதனை யாரும் உறுதியாக அறிந்தாரல்லர். புதிதாகச் சேர்வோரில் நூற்றுக்கு ஐவர் அளவினரே கீழ்த்தரத்தினர் என்று பாதுகாப்புத் திணைக்களம் எண்ணியிருக்க, நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் அத்தரத்தினர் என்பது 1980இல் வெளியாயிற்று. சரியான அட்டவணை இருந்திருப்பின் வாயிலிலேயே தடுக்கப்பட்டிருக்கக்கூடிய இலட்சக்கணக்கானோர் இவ்வாறு படையினுட் சென்றிருந்தனர். அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபொழுது, உயர்ந்த புள்ளி பெற்றோரிலும் அவர்கள் சற்றுப் பின்தங்கியே நின்றமை தெரிந்தது. அவர்களுட் பலர் தம் சேவைக் காலத்தை முறையாக நிறைவு செய்து, பதவியுயர்வும் பெற்றிருந்தமையும் தெரிந்தது.